மைனஸ் பவர் அதிகமா இருக்கா? கண்புரை ஆபரேஷனுக்கு முன்னாடி பேசி முடிவு செய்ய வேண்டியவை

(மாவட்ட நூலகம் ஒன்றில் மூத்த வாசகர்களுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. அரசு சேவைகளைப் பற்றி மக்களுக்குப் புரியும்படி எழுதுறது என் வேலை. அதனால இன்னைக்கு நான் பேசப்போறது சிகிச்சையைப் பற்றி இல்லை. சிகிச்சைக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க என்ன தெரிஞ்சுக்கணும், என்ன கொண்டு போகணும், டாக்டர்கிட்ட என்ன கேட்கணும் என்பதைப் பற்றித்தான்.

கண்புரை ஆபரேஷன் நமக்குப் புதுசு இல்லை. உறவில் யாராவது ஒருத்தர் பண்ணியிருப்பாங்க. "கொஞ்ச நேர வேலைதான், மறுநாளே பளிச்சுனு தெரியுது"ன்னு சொல்லியிருப்பாங்க. பெரும்பாலானவங்களுக்கு அது உண்மையும்கூட. ஆனா சின்ன வயசுல இருந்தே தடிமனான கண்ணாடி, நாம கேலியா சோடாபுட்டின்னு சொல்வோமே, அதைப் போட்டவங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர் அனுபவம் அப்படியே பொருந்தாது. மைனஸ் 6-க்கு மேல பவர் இருந்தா அதிகக் கிட்டப்பார்வைன்னு டாக்டர்கள் சொல்றாங்க. இன்னைக்குப் பேச்சு முழுக்க இவங்களுக்காகத்தான். வீட்டுல அப்படி அப்பாவோ அம்மாவோ சித்தியோ மாமாவோ இருந்தா, அவங்க சார்பா நீங்க கேட்டுக்கோங்க.

நீளமான கண்

பெரியவங்களோட கண் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஏறக்குறைய 23, 24 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதிக மைனஸ் பவர் உள்ளவங்களுக்கு இது 26-ஐத் தாண்டும், சிலருக்கு 30-கூட வரும். கண் நீளமா இருக்கறதால, உள்ளே வர்ற ஒளி விழித்திரைக்கு முன்னாடியே குவிஞ்சிடுது. அதனாலதான் தூரத்துல இருக்கறது மங்கலா தெரியுது.

பலூனை ஊதினா ரப்பர் மெலிசாகும் இல்லையா? அதே மாதிரி கண் நீண்டுபோனா அதன் பின்சுவரும் விழித்திரையும் இழுபட்டு மெலிசாகும். இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. இனி நான் சொல்லப்போற எல்லாமே இதிலிருந்துதான் வருது.

இன்னொரு விஷயம். வயசு 50 தாண்டிய பிறகு மைனஸ் பவர் திரும்ப ஏற ஆரம்பிச்சா, அது புரையோட அறிகுறியா இருக்கலாம். கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸோட நடுப்பகுதி கெட்டியாகும்போது பவர் மைனஸ் பக்கம் நகரும். ரெண்டு வருஷத்துல மூணாவது தடவையா கண்ணாடி மாத்தப் போறீங்கன்னா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி கண் டாக்டரைப் பாருங்க. கண்ணாடிச் செலவாவது மிச்சமாகும்.

பக்கமா, தூரமா?

இன்னைக்கு நான் சொல்ற மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீங்க.

ஆபரேஷன்ல புரை விழுந்த லென்ஸை எடுத்துட்டு, செயற்கை லென்ஸ் வைக்கறாங்க. வழக்கமா வைக்கறது ஒரே தூரத்துக்கான லென்ஸ். தூரத்துக்கு வச்சா, கிட்டத்துல படிக்கக் கண்ணாடி வேணும். கிட்டத்துக்கு வச்சா, தூரத்துக்குக் கண்ணாடி வேணும். நாம எதுவும் சொல்லாம விட்டா, பெரும்பாலும் தூரத்துக்குத்தான் வைப்பாங்க. பலருக்கும் அதுதான் வசதி.

ஆனா கிட்டப்பார்வைக்காரங்க கதை வேற. அவங்க கண்ணாடியைக் கழட்டினா, கிட்டத்துல இருக்கறது தெளிவா தெரியும். எவ்வளவு கிட்டத்துலன்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான கணக்கு இருக்கு. 100-ஐ உங்க மைனஸ் பவரால வகுங்க. வர்றது சென்டிமீட்டர். மைனஸ் 5-ன்னா 20 சென்டிமீட்டர். மைனஸ் 10-ன்னா 10 சென்டிமீட்டர். மைனஸ் 12-ன்னா 8 சென்டிமீட்டர் சொச்சம்.

மைனஸ் 12 பவர் உள்ள ஒரு தையல்கார அம்மாவை நினைச்சுக்கோங்க. ஊசியில நூல் கோர்க்கணும்னா கண்ணாடியைக் கழட்டி, ஊசியை மூக்குக்கிட்ட கொண்டு வந்து ஒரே தடவையில கோர்த்துடுவாங்க. அந்த வயசுல மத்தவங்க வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடுவாங்க, இவங்களுக்கு அது தேவைப்படாது. இவங்களுக்குத் தூரத்துப் பார்வைக்கு லென்ஸ் வச்சா என்ன ஆகும்? பஸ் நம்பர் கண்ணாடி இல்லாமலே தெரியும். வாழ்க்கையில முதல் தடவையா எதிர்ல வர்றவங்க முகம் தூரத்துலயே தெரியும். ஆனா ஊசி தெரியாது. கண்ணாடியைக் கழட்டினா கிட்டத்துல தெரியும்னு அம்பது வருஷமா பழகின பழக்கம் அன்னையோட முடிஞ்சுடும்.

"ஆபரேஷன் நல்லாத்தான் ஆச்சு, ஆனா எனக்கு ஏதோ குறையா இருக்கு"ன்னு சிலர் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். அங்கே ஆபரேஷன்ல தப்பு இருக்காது. முன்னாடியே பேசாததுதான் காரணம்.

இதுக்கு வழி இருக்கு. ஆபரேஷனுக்குப் பிறகு மைனஸ் 2.5 அளவுக்குப் பவர் மிச்சம் இருக்கற மாதிரி லென்ஸைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அப்போ கண்ணாடி இல்லாமலே சுமார் 40 சென்டிமீட்டர் தூரத்துல தெரியும். அதாவது புத்தகம், செல்போன், பூ கட்டறது, அரிசியில கல் பொறுக்கறது. டிவிக்கும் வெளியே போறதுக்கும் ஒரு மெலிசான கண்ணாடி போட்டா போதும். ஆயுள் முழுக்கச் சோடாபுட்டி போட்டவங்களுக்கு அது பாரமாவே தெரியாது. அதே நேரத்துல வயல்ல வேலை பார்க்கறவங்க, வண்டி ஓட்டறவங்க, வெளியில அதிகம் நடமாடறவங்க தூரத்தையே விரும்பலாம். ரெண்டுமே சரியான முடிவுதான். ஆனா அந்த முடிவு நீங்க எடுத்ததா இருக்கணும்.

இன்னும் ஒண்ணும் சொல்லிடணும். மைனஸ் 2.5 வச்சாலும், 8 சென்டிமீட்டர்ல பெரிசா தெரிஞ்ச அந்த ஊசிமுனைப் பார்வை திரும்ப வராது. நகை வேலை, நுணுக்கமான எம்பிராய்டரி செய்றவங்களுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படலாம். இதையும் முன்னாடியே தெரிஞ்சுக்கறது நல்லது.

இந்த முடிவு எடுக்க ஒரு வாரம் ஒரு சின்ன வேலை செய்யுங்க. ஒரு டேப் எடுத்துக்கோங்க. போனை எவ்வளவு தூரத்துல பிடிக்கறீங்க, காய் நறுக்கறது எவ்வளவு தூரம், தையல் மெஷின் எவ்வளவு தூரம், டிவி எவ்வளவு தூரம்னு அளந்து எழுதுங்க. எதெது கண்ணாடியோட, எதெது கண்ணாடி இல்லாமன்னு பக்கத்துலயே குறிச்சுக்கோங்க. அந்தத் தாளை டாக்டர்கிட்ட காட்டினா, அஞ்சு நிமிஷத்துல உங்க வாழ்க்கை அவருக்குப் புரிஞ்சுடும்.

பல தூரத்துக்கான விலை உயர்ந்த லென்ஸ் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீங்க. விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தா அது பலன் தராமப் போகலாம். அதனால விழித்திரை பரிசோதனை முடியறதுக்கு முன்னாடி அதுக்குப் பணம் கட்டிடாதீங்க.

அளவு சரியா இருக்கணும்

எந்த லென்ஸ் வைக்கணும்னு முடிவு பண்ண கண்ணோட நீளத்தையும் கருவிழியோட வளைவையும் அளப்பாங்க. பயோமெட்ரி, ஏ-ஸ்கேன்னு சொல்வாங்க. சராசரி கண்ணில் ஒரு மில்லிமீட்டர் தப்பாச்சுன்னா, கடைசியில் கண்ணாடி பவர் 2.5 அளவுக்கு மாறிடும். அவ்வளவு நுட்பமான அளவு இது.

நீளமான கண்ணில் இது இன்னும் கஷ்டம். சிலருக்குக் கண்ணோட பின்சுவர் ஒரு பக்கமாப் புடைச்சுக்கிட்டு இருக்கும். நாம பார்க்கற மையப்புள்ளி ஒரு இடத்துல, புடைப்போட அடிப்பகுதி வேற இடத்துல இருக்கும். ஒலி அலையால அளக்கும்போது அந்த அடிப்பகுதி வரைக்கும் அளந்துட்டா, கண் இருக்கறதைவிட நீளம்னு கணக்கு வரும். அப்போ லென்ஸ் பவர் குறைஞ்சு, பார்வை ப்ளஸ் பக்கம் போயிடும். ப்ளஸ் பக்கம் போனா கிட்டமும் மங்கல், தூரமும் மங்கல். ஒளிக்கதிரால அளக்கற கருவியில நோயாளி ஒரு விளக்கை நேரா பார்த்துக்கிட்டே இருப்பார். அதனால மையப்புள்ளி வரைக்குமான அளவு கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இங்கேதான் ஒரு பழைய நம்பிக்கை இடைஞ்சலா வருது. "புரை நல்லா முத்தட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்"னு பெரியவங்க சொல்வாங்க. புரை ரொம்ப முத்தினா அந்த ஒளிக்கதிர் உள்ளேயே போகாது. விழித்திரையையும் டாக்டரால நேரா பார்க்க முடியாது. அதிக மைனஸ் உள்ளவங்க காத்திருந்து நஷ்டப்படக் கூடாது. அன்றாட வேலைக்குப் பார்வை தடையா இருக்குன்னு தோணினாலே போய்க் காட்டுங்க.

கான்டாக்ட் லென்ஸ் போடறவங்க அளவு எடுக்கறதுக்கு முன்னாடி அதை நிறுத்தணும். மென்மையான லென்ஸ்னா ஒண்ணு ரெண்டு வாரம், கெட்டியான லென்ஸ்னா அதைவிடக் கூடுதலாகச் சொல்வாங்க. எத்தனை நாள்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. முன்னாடி எப்பவாவது லேசிக் மாதிரி பவர் எடுக்கற சிகிச்சை செஞ்சிருந்தா கட்டாயம் சொல்லுங்க. கருவிழியோட வடிவம் மாறியிருக்கும், வழக்கமான கணக்கு பொருந்தாது. அந்தப் பழைய ரிப்போர்ட் கிடைச்சா தேடி எடுத்துட்டுப் போங்க.

இன்னொரு நடைமுறை விஷயம். சாதாரண கண்ணுக்கு 20-ஐ ஒட்டின பவரில் லென்ஸ் வைப்பாங்க. நீளமான கண்ணுக்கு 10, 5, சிலருக்குப் பூஜ்யம், இன்னும் சிலருக்கு மைனஸ் பவர் லென்ஸ்கூடத் தேவைப்படும். அது எல்லா இடத்துலயும் கையிருப்புல இருக்காது, வரவழைக்கணும். அதனால "நாளைக்கே ஆபரேஷன்"னு அவசரப்படாம, லென்ஸ் வந்துடுச்சான்னு கேட்டுட்டுத் தேதி வாங்குங்க. முகாமுக்குப் போனாலும், "எனக்கு மைனஸ் பவர் அதிகம்"னு முதல் ஆள்கிட்டயே சொல்லிடுங்க.

விழித்திரையைப் பார்க்காம ஆபரேஷன் வேண்டாம்

மெலிசான விழித்திரையில சின்ன ஓட்டையோ, இத்துப்போன இடமோ இருக்கலாம். வலிக்காது, தெரியாது. புரை ஆபரேஷனுக்குப் பிறகு விழித்திரை விலகற ஆபத்து அதிக மைனஸ் உள்ளவங்களுக்கு மத்தவங்களைவிட அதிகம். அதனால சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரிய வச்சு, விழித்திரையோட ஓரம் வரைக்கும் பார்க்கச் சொல்லுங்க. தேவைப்பட்டா முன்கூட்டியே லேசர் வச்சு அந்த இடத்தை அடைச்சிடுவாங்க. மையப்பகுதியைப் பார்க்க ஓசிடி ஸ்கேன் எடுப்பாங்க. கண் அழுத்த நோயும் கிட்டப்பார்வைக்காரங்களுக்கு வர வாய்ப்பு அதிகம், அதையும் சோதிச்சுக்கணும்.

சொட்டு மருந்து விட்ட அன்னைக்குச் சில மணி நேரம் கண் கூசும். துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. வண்டி ஓட்டிட்டு வராதீங்க.

இந்தப் பரிசோதனையில இன்னொரு பலனும் இருக்கு. விழித்திரை மையம் ஏற்கனவே தேய்ஞ்சிருந்தா, புரையை எடுத்தாலும் பார்வை முழுசா வராது. எவ்வளவு எதிர்பார்க்கலாம்னு முன்னாடியே தெரிஞ்சா, பிறகு ஏமாற்றம் இருக்காது.

ஒரு கண் முடிஞ்ச பிறகு

ரெண்டு கண்ணையும் வழக்கமா ஒரே நாள்ல செய்ய மாட்டாங்க. ஒரு கண் மைனஸ் 12-லிருந்து ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துடுச்சு, இன்னொரு கண் இன்னும் மைனஸ் 12-லயே இருக்குன்னு வச்சுக்கோங்க. கண்ணாடி போட்டா ஒரு கண்ணுல உருவம் சின்னதா, இன்னொரு கண்ணுல பெரிசா தெரியும். மூளையால ரெண்டையும் சேர்க்க முடியாது. தலை சுத்தும், படி இறங்கும்போது கால் தடுமாறும். வயசானவங்க கீழே விழுந்தா அது வேற பிரச்சினை.

அதனால ரெண்டாவது கண்ணுக்கு எப்போ தேதி, அதுவரைக்கும் என்ன செய்யறதுன்னு முதல் ஆபரேஷனுக்கு முன்னாடியே கேளுங்க. சிலருக்கு மத்த கண்ணுல கான்டாக்ட் லென்ஸ் போடச் சொல்வாங்க. சிலருக்குப் பழைய கண்ணாடியில ஒரு பக்கத்தைக் கழட்டச் சொல்வாங்க. அந்த இடைவெளியில வீட்டுல படிக்கட்டு, பாத்ரூம், ராத்திரி வெளிச்சம் மூணையும் கவனிச்சுக்கறது பிள்ளைங்க பொறுப்பு.

மறைக்காம சொல்ல வேண்டியவை

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தா அளவை முன்கூட்டியே கட்டுக்குள்ள கொண்டு வரணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க அதை நீங்களா நிறுத்தாதீங்க, மறைக்கவும் செய்யாதீங்க. டாக்டர் முடிவு பண்ணட்டும். புரோஸ்டேட் பிரச்சினைக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடற ஐயாக்கள் இதைக் கட்டாயம் சொல்லணும். அது கண்மணி விரியறதைப் பாதிக்கும். எப்பவோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்க.

மரத்துப்போக ஊசி போடற இடத்துலயும் உங்க பவர் முக்கியம். நீளமான கண்ணில் ஊசி முனை பட்டுவிடற ஆபத்து கூடுதல். அதுக்கேத்த மாதிரி சொட்டு மருந்தோ வேறு முறையோ தேர்ந்தெடுப்பாங்க. ரெக்கார்டுல எல்லாம் இருக்கும்னு விட்டுடாம, ஆபரேஷன் தியேட்டர் வாசல்லயும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்க.

எங்கே போகலாம், போன்ல என்ன வச்சுக்கலாம்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் கண்புரை ஆபரேஷன் லென்ஸோட சேர்த்து இலவசமாகச் செய்யப்படுது. 1819-ல் தொடங்கின சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, உலகத்துலயே பழமையான கண் மருத்துவமனைகளில் ஒண்ணு. அதிக மைனஸ் உள்ளவங்க விழித்திரை மருத்துவரும் இருக்கற இடமாப் பார்த்துப் போறது நல்லது. மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐக் கூப்பிடலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றிக் கேட்க கட்டணமில்லா எண் 1800 425 3993.

உங்க போன்ல கண்ணுக்குன்னு தனியா ஒரு ஆல்பம் போடுங்க. பழைய கண்ணாடிச் சீட்டுகள், குறிப்பா புரை வர்றதுக்கு முன்னாடி எழுதினது, பயோமெட்ரி தாள், ஸ்கேன் ரிப்போர்ட், சாப்பிடற மாத்திரை அட்டைகள் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் கண்ணுக்குள்ள வச்ச லென்ஸோட விவரம் உள்ள ஸ்டிக்கரையோ அட்டையையோ கேட்டு வாங்கி, அதையும் எடுத்து வைங்க. ரெண்டாவது கண்ணுக்கு அளவு பார்க்கும்போது அது ரொம்ப உதவும். 14 இலக்க ஆபா எண் வச்சிருக்கறவங்க மருத்துவப் பதிவுகளை அதோட இணைச்சுக்கலாம்.

டாக்டர்கிட்ட கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

இதை அப்படியே போன்ல குறிச்சுக்கோங்க.

1. என் கண்ணோட நீளம் எவ்வளவு? எந்தக் கருவியில அளந்தீங்க?
2. விழித்திரையை ஓரம் வரைக்கும் பார்த்தாச்சா? லேசர் தேவையா?
3. லென்ஸைத் தூரத்துக்கு வைக்கப் போறீங்களா, கிட்டத்துக்கா? நான் செய்யற வேலைக்கு எது நல்லது?
4. எனக்குத் தேவையான பவர் லென்ஸ் கையிருப்புல இருக்கா?
5. ரெண்டாவது கண் எப்போ? அதுவரைக்கும் கண்ணாடிக்கு என்ன வழி?
6. ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு எவ்வளவு பார்வை எதிர்பார்க்கலாம்?

கேட்டா டாக்டர் கோவிச்சுப்பாரோன்னு தயங்காதீங்க. கூட்டமா இருக்கற ஓபியில எல்லாத்தையும் அவரே விளக்க நேரம் இருக்காது. எழுதிக்கிட்டு வந்த ஆளுக்குப் பதில் சொல்றது அவருக்கும் சுலபம்.

பார்வை வந்த பிறகும் மறக்கக் கூடாதது

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, சொட்டு மருந்தும் முடிஞ்சுட்டா, எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைப்போம். ஆனா விழித்திரை விலகல் மாசங்கள் கழிச்சும் வரலாம், வருஷங்கள் கழிச்சும் வரலாம். லென்ஸ் மாறினாலும் கண்ணோட நீளம் மாறலையே. மூணு அறிகுறிகள் உண்டு. இருட்டுல மின்னல் வெட்டற மாதிரி ஒளி. கொசு பறக்கற மாதிரி, கரும்புள்ளி சிதறின மாதிரி திடீர்னு நிறைய தெரியறது. பார்வையோட ஒரு ஓரத்துல திரை இறங்கற மாதிரி நிழல். இதுல எது வந்தாலும், வலி இல்லைன்னாலும், அன்னைக்கே கண் மருத்துவமனைக்குப் போகணும். மையப்பார்வை போறதுக்கு முன்னாடி போனா காப்பாத்தற வாய்ப்பு அதிகம். ஆபரேஷன் முடிஞ்ச முதல் சில நாட்கள்ல வலி, சிவப்பு, பார்வை மங்கறது வந்தாலும் அதே அவசரம்தான்.

வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரை பரிசோதனைக்கு போன்ல ஒரு நினைவூட்டல் வச்சுடுங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா, வீட்டுல தடிமனான கண்ணாடி போட்டிருக்கறவங்களோட பழைய கண்ணாடிச் சீட்டைத் தேடி எடுங்க. அவங்க கண்ணாடியைக் கழட்டிட்டு என்னென்ன வேலை செய்றாங்கன்னும் கேட்டுப் பாருங்க. ஆபரேஷனுக்கான தயாரிப்பு அங்கிருந்துதான் ஆரம்பிக்குது.